டாங்கிக்குள் வாசித்தவர்

பொறு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வங்கியில் சொல்லுகிறார்கள், ஆஸ்பத்திரியில் சொல்லுகிறார்கள், பஸ் நிலையத்திலும் சொல்லுகிறார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஒரே ஒருவரின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டே என் இளவயது போய்ச் சேர்ந்தது. என் தம்பியின் இளவயதும் அதோடு சேர்ந்து போனது. என்னுடையதை விடுங்கள், தம்பியுடையதை நான் மன்னிக்கவில்லை.

அவரை நாங்கள் அண்ணை என்போம். எங்களில் யாருக்கும் அவர் அண்ணன் இல்லை. அன்புவழிபுரத்தில் ஒரு தகரக் கூரை வீட்டில் தனியே இருந்தார். துறைமுகத்தில் மின்சார வேலை. வெள்ளைக்காரக் கடற்படை இருந்த நாளில் தொழில் பழகி, அவர்கள் போன பிறகும் அதே குறட்டோடு அதே இடத்தில் நின்றவர். நெடிய மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய திருப்புளி இருக்கும். புதிய இடம் எதற்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று ஒருமுறை கை தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பார். சத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கிறாராம். பிரேத வீட்டு வாசலில் தட்டி ஒருமுறை ஏச்சும் வாங்கினார்.

சிங்களப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால்தான் வேலையில் அடுத்த படி என்று வந்தபோது கூட இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே புத்தகம் வாங்கினார்கள். அண்ணை வாங்கவில்லை. எதிர்த்துக் கூட்டத்துக்குப் போனவரும் இல்லை. "பொறுங்கோ, சட்டம் மாறும்" என்றார். சட்டம் மாறவில்லை. அவரிடம் வேலை பழகிய பெடியன் அவருக்கு மேலாளாக வந்தான். அண்ணைக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் தருகிற வேலையைச் செய்துவிட்டு, பின்னேரம் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு விடுவார்.

அந்தக் கிற்றார் கதை ஒரு கப்பலில் தொடங்கியது. அறுபதுகளின் நடுப்பகுதி. துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டுக் கப்பலொன்றில் மின்விசிறி திருத்தப் போன அண்ணைக்கு ஒரு மாலுமி இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தான். போட்டுக் கேட்க அவரிடம் பெட்டி இல்லை. கிண்ணியாவில் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் கொண்டுபோனார். அவருடைய மகன் நசீர் தட்டைப் போட்டான். அதில் பாட்டே இல்லை. கிற்றார் மட்டும், பெரிய அலை எழும்பி வந்து விழுகிற மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அதன் சத்தம் தூரத்தில் போய் முட்டித் திரும்பி வந்தது. நசீர் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கிவிட்டானாம். அவனுடைய வாப்பா, "இது என்ன பேய்ப் பாட்டு, நிப்பாட்டு" என்றாராம். அண்ணை அன்றைக்கே ஆள் சேர்க்கத் தொடங்கினார்.

இந்தப் பாட்டுகளை வெளிநாட்டில் அலையில் பலகை விட்டுச் சறுக்குகிற பெடியள் வாசிப்பார்கள் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. எங்கள் குடாவில் முழங்காலுக்கு மேலே அலை எழும்பினால் அதைப் புயல் என்போம். அண்ணைக்கு நீந்தவும் தெரியாது. நாங்கள்தான் அலைப் பாட்டு வாசிக்கப் புறப்பட்டோம்.

என் தம்பி பெனடிக் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் தட்டிக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பெரிய வித்தையெல்லாம் தெரியாது. ஆனால் அவன் கை பிழைக்காது. பக்கத்தில் இடி விழுந்தாலும் தாளம் அசையாது. அவனைக் கேட்க வந்து கோயிலுக்கு வெளியே நின்ற அண்ணை, உள்ளே கால்மிதி ஆர்மோனியம் வாசித்த என்னையும் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தார். அப்பா காலமான வீடு, அம்மாதான் முடிவு சொல்ல வேண்டும்.

"மாமி, உங்கட மகளின்ர இடக்கை எனக்கு வேணும்" என்று தொடங்கினார்.

அம்மா திகைத்துப் போனார். நான்தான் விளங்கப்படுத்தினேன். நான்கு தடித்த கம்பி பூட்டிய கிற்றார் ஒன்று இருக்கிறது, ஆர்மோனியத்தில் இடக்கை வாசிக்கிற கீழ்க் கட்டைகளைப் போல அடியில் நின்று பிடிக்கிற வேலை, அதை நான் வாசிக்க வேண்டுமாம்.

"ஏலாது. பொம்பிளைப் பிள்ளை வாசிக்கிறதெண்டால் கோயில்ல வாசிக்கட்டும்" என்றார் அம்மா.

"ஓம் மாமி" என்றார் அண்ணை. சொல்லிவிட்டு எழும்பவில்லை. கதிரையிலேயே இருந்தார். தேத்தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். விளக்கு வைத்ததும் போனார். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து அதே கதிரையில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தார். கடைசியில் அம்மா குசினியிலிருந்து, "இந்த மனுசன் இருந்தே கதிரையின்ர காலைத் தேய்ச்சுப் போடுவார். தம்பி கூடப் போறதெண்டால் போ" என்று கத்தினார். அண்ணை என்னைப் பார்த்து, "பாத்தியே பிள்ளை, பொறுத்தால் வரும்" என்றார். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. இருபது வயதில் பிடிக்காதது என்ன இருக்கிறது.

என் கிற்றார் டொக்யார்ட்டில் கழித்துவிட்ட தேக்குப் பலகையில் அவர் செய்தது. கம்பிகள், கடற்படை கிளப்பில் கறையான் தின்றுகொண்டிருந்த பியானோவிலிருந்து கழற்றியவை. விரல் நுனிகள் கிழிந்து இரத்தம் வரும். நான் பழகும் வரைக்கும் ஒரு நாளும் அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரே இடத்தில் நூறு தரம் பிழை விட்டாலும், "பொறு பிள்ளை, கை தானாகப் பிடிக்கும்" என்பார். கை தானாகத்தான் பிடித்தது. நோன்பு மாதத்தில் நசீர் சோர்ந்து போவான் என்று ஒத்திகையை முழுதாக நிறுத்தி வைத்தார். அந்தக் குணத்தை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

ஒத்திகைக்கு அவர் கண்டுபிடித்த இடம்தான் எங்களை வாழவைத்ததும் கெடுத்ததும். சைனாபேயில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய் டாங்கிகள் காட்டுக்குள் வரிசையாக நின்றன. பல டாங்கிகள் வெறுமையாகக் கிடந்தன. அதிலொன்றின் காவற்காரர் அண்ணைக்குத் தெரிந்தவர். டாங்கியின் அடியில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் போகிற சாமான்தான் எங்கள் சங்கீதத்தில் இருக்கும். நசீரின் பெரிய ட்ரம் போகவில்லை, அதனால் பெரிய ட்ரம் இல்லாமலே வாசித்தோம். நான் பாவாடைக்குள் தம்பியின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு தவழ்வேன். உள்ளே இருட்டு, பழைய எண்ணெய் மணம், மேலே கூரைத் துவாரத்தால் விழுகிற ஒரு துண்டு வெளிச்சம். நசீரின் வாப்பாவுடைய ஒலிபெருக்கிப் பெட்டி லொறி பற்றரியில் ஓடும். விடியவே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பிட்டுப் பானைக்குள் இருந்த மாதிரி அவிந்து போவோம்.

முதல் நாள் அண்ணை நடுவில் நின்று கை தட்டினார். அந்தச் சத்தம் போய், சுவரில் பட்டு, வளைந்து, எங்கள் தலைக்கு மேலால் திரும்பி வந்து, இன்னொருமுறை போய் வந்தது. பிறகு கிற்றாரில் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். பொறுங்கோ என்று அர்த்தம். சத்தம் திரும்பி வந்தது. அது வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த கம்பியைத் தட்டினார். இசைத்தட்டில் கேட்ட அலை எங்கள் முன்னால் எழும்பி வந்தது. தம்பி அழுதுவிட்டான். இருட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தான், எனக்குத் தெரிந்தது.

அப்படியே பழகினோம். தட்டு, பொறு, வரட்டும், தட்டு. எங்கள் எல்லாப் பாட்டும் அந்த டாங்கியின் அகலத்துக்கு அளந்து தைத்த சட்டை. அது எங்களுக்குத் தெரியாது, சங்கீதமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

குழுவுக்கு 'த ஃபோர் ஆங்கர்ஸ்' என்று பெயர் வைத்தார். நாலு நங்கூரம். "நங்கூரம் எண்டு பேர் வச்சால் கப்பல் எப்பிடி ஓடும்?" என்று அம்மா கேட்டார். அம்மாவின் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஆனாலும் கொஞ்சக் காலம் ஓடியது. துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் நடக்கிற நடன விருந்துகளுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அவை தகரக் கூரை போட்ட நீண்ட மண்டபங்கள், சத்தம் நன்றாகத் திரும்பி வரும். அண்ணை வாசலில் கை தட்டிப் பார்த்துவிட்டு, எங்களை எந்த மூலையில் நிறுத்துவது என்று சொல்லுவார். திறந்த வெளியிலும் பயமில்லை. கட்டைபறிச்சானில் பள்ளிக்கூட விழாவுக்கு லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து போய் வாசித்தோம். நசீர் ஒலிபெருக்கிக் குழலொன்றை மைதானத்தின் இந்தத் தலைப்பில் தென்னையிலும், இன்னொன்றை அந்தத் தலைப்பில் புளியமரத்திலும் கட்டினான். இங்கே தட்டினால் அங்கேயிருந்து பிந்தி வந்தது. சனம் ஆர்ப்பரித்தது. விழா முடிந்ததும் ஒரு கிழவர் அண்ணையிடம் வந்து, "தம்பி, நீங்கள் நாலு பேர்தானே, எட்டுப் பேரின்ர சத்தம் கேக்குதே" என்றார். அண்ணை சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததைப் பார்த்தவர்கள் அவரை விட்டுப் போகமாட்டார்கள். நாங்களும் போகவில்லை.

எனக்கு வந்த கல்யாணப் பேச்சுக்கால்கள் அந்த நாட்களில்தான் ஒவ்வொன்றாகக் கழன்றன. "டாங்கிக்குள்ள பெடியளோட போற பெட்டை" என்று பெயர் வந்துவிட்டது. கப்பல்துறை ஊரிலிருந்து வந்த ஒரு நல்ல சம்பந்தம், மாப்பிள்ளையின் தாய் காதில் யாரோ இதைப் போட்டதும் நின்றது. அம்மா ஒப்பாரி வைத்தார். அண்ணை அதே கதிரையில் இருந்துகொண்டு, "பொறுங்கோ மாமி, இதைவிட நல்லது வரும்" என்றார். வரவில்லை. அதைப்பற்றி இனி நான் கதைக்கப் போவதில்லை.

ஒரு கப்பல் விருந்தில் எங்களைக் கேட்ட ஒருவர் கொழும்பில் இசைத்தட்டுப் போடுகிற கம்பெனிக்காரர். வரச் சொன்னார். நன்றாக வந்தால் தட்டுப் போடலாம், வானொலிக்கும் கொடுக்கலாம் என்றார். நாங்கள் ரயிலேறிப் போனோம். நசீரின் இடுப்பில் புதுச் சாரம், தம்பியின் காலில் இரவல் சப்பாத்து.

ஒலிப்பதிவு அறைக்கு இரண்டு கதவு. இரண்டாவது கதவுக்குள் நுழைந்ததும் அண்ணை வழக்கம்போல் கை தட்டினார். சத்தம் அவருடைய உள்ளங்கையிலேயே செத்துப் போனது. சுவர் முழுக்க நார்ப் பலகை, அதன் மேல் தடித்த துணி, காலடியில் கம்பளம். அண்ணை இன்னொருமுறை தட்டினார். தலையைச் சரித்துக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வாசித்தோம். முதல் கம்பி, பிறகு பொறுத்தோம். அடுத்த கம்பி, பொறுத்தோம். எங்கள் பாட்டு பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிறுத்தச் சொன்னார். ஏன் நடுவில் நிற்கிறீர்கள், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அண்ணை, "வரும்" என்றார். தமிழில்தான் சொன்னார்.

"என்ன வரும்?" என்று, ஒருவர் அதை இங்கிலீஷில் சொன்ன பிறகு, அந்த மனிதர் கேட்டார். அண்ணை சுவரைப் பார்த்தார்.

இரண்டாம் தரம் வாசித்தபோது தம்பிதான் விளங்கிக்கொண்டான். இடைவெளி வந்த இடத்திலெல்லாம் அவன் தன் கிற்றாரால் தட்டி நிரப்பினான். அவனைப் பார்த்து நசீரும் பிடித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். பாட்டுக்கு எலும்பு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து மனிதர் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து அண்ணை கையைத் தூக்கினார்.

"பெனடிக், பொறு. அந்த இடம் வெறுமையாய் இருக்கவேணும்."

தம்பி நிறுத்தினான். எல்லாம் நின்றது. கம்பெனிக்காரர் நன்றி சொன்னார், அறிவிப்போம் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் நால்வரில் மூவருக்கு விளங்கியது.

வெளியே தங்கள் முறைக்காகக் காத்திருந்த ஹோட்டல் பாண்ட் ஒன்றின் தலைவர், வயதான பறங்கியர், தம்பியின் தோளில் கை போட்டார். அவருடைய தமிழ் கொச்சை, ஆனால் சொன்னது தெளிவு. "உன் கை நல்லது. எங்கட ஆள் அவுஸ்திரேலியா போறான். மாத முடிவுக்குள்ள வந்தால் இடம் உனக்கு. பிந்தினால் இல்லை."

தம்பிக்கு அப்போது இருபத்தொரு வயது. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற தற்காலிக வேலையைத் தவிர அவனுக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. ரயிலில் அவன் என் காதில், "அக்கா, போகட்டோ?" என்று கேட்டான். "போ" என்றேன். அதைச் சொன்னதற்கு எனக்குச் சாட்சி யாரும் இல்லை, ஆனால் சொன்னேன். அவன் அண்ணையிடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றான். கேட்காமல் போகிற பிள்ளையாக அம்மா அவனை வளர்க்கவில்லை.

விடியும்போது ரயில் சைனாபேக்கு வந்தது. நாங்கள் அதைத் தாண்டிய எங்கள் பட்டணத்துக்குத்தான் சீட்டு எடுத்திருந்தோம். அண்ணை, "இறங்குங்கோ" என்றார். கொழும்பில் வாசித்ததை டாங்கிக்குள் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். நித்திரை இல்லாத முகங்களோடு, பெட்டிகளையும் பற்றரியையும் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுப் பாதையில் நடந்தோம். தவழ்ந்து உள்ளே போனோம். அண்ணை கை தட்டினார். வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு வாசித்ததுபோல நாங்கள் முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. என் கோபமெல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. அது மட்டமாக இருந்திருந்தால் தம்பி மாத முடிவுக்குள் போயிருப்பான். அவ்வளவு நன்றாக இருந்தது. நசீர் தடியைக் கீழே வைத்துவிட்டு, "இதை எப்பிடி விட்டுட்டுப் போறது?" என்று தன்பாட்டில் கேட்டான்.

தம்பி அப்போதுதான் ஹோட்டல் பாண்டைப் பற்றிக் கேட்டான். அண்ணை அவன் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? பிழை எங்களில இல்லை, அந்த அறையில. அவங்கள் யோசிச்சுப் போட்டுத் திரும்பக் கூப்பிடுவாங்கள். நீ இப்ப போனால் ஆரைக் கொண்டு வாசிக்கிறது? கொஞ்சம் பொறு பெனடிக்."

"ஓம் அண்ணை" என்றான் தம்பி.

மாதம் முடிந்தது. கொழும்பிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஹோட்டல் பாண்டில் மொரட்டுவைப் பெடியன் ஒருவன் சேர்ந்தான் என்றும், பிறகு அவன் வானொலியில் வாசிக்கிறான் என்றும் கேள்விப்பட்டோம். வானொலியில் அந்த பாண்ட் வந்தால் தம்பி எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவான். வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஒரு தேவையும் இல்லாமல் வாழைக்கு ஊற்றுவான். எங்கள் வீட்டு வாழை அந்த வருடங்களில் நன்றாகக் குலை போட்டது.

எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றது. கிற்றார்க் கம்பி இல்லை. அண்ணை சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்துக் கம்பி எடுத்தார். அவர் சளைக்கவில்லை. "பொறுங்கோ, அரசாங்கம் மாறும், சாமான் வரும்" என்பார். விருந்துகள் குறைந்தன. நசீர் கல்யாணம் முடித்து வயலையும் வாப்பாவின் ஒலிபெருக்கிகளையும் பார்க்கத் தொடங்கினான். ஆனாலும் ஞாயிறு விடிய நால்வரும் டாங்கிக்குப் போனோம். ஏன் போனோம் என்று கேட்டால் என்னால் சொல்ல ஏலாது. பொறுத்துப் பழகினால் அதையும் விட மனம் வராது போலிருக்கிறது.

ஒரு ஞாயிறு மூவரும் போய் டாங்கிக்குள் இருந்தோம். அண்ணை வரவில்லை. அவர் பிந்துகிற ஆள் இல்லை, ஆகவே காத்திருந்தோம். கூரைத் துவாரத்தின் வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து கீழே இறங்கியது. இரும்பு சுடத் தொடங்கியது. நசீர், "சுகமில்லையோ தெரியாது, வீட்ட போய்ப் பாப்பம்" என்றான். வெளியே தவழ்ந்து வந்தபோது காவற்காரர் நின்றார்.

"நீங்கள் அறியேல்லையோ? அவர் நேற்றுக் கப்பலேறிப் போட்டார்."

கிரேக்கக் கப்பலொன்று துறைமுகத்துக்கு வந்திருந்தது. அதன் மின்சாரக்காரன் நோயில் விழுந்து இறக்கப்பட்டான். கப்பல் அன்று பின்னேரமே போக வேண்டும், ஆள் வேண்டும். அண்ணையைக் கேட்டிருக்கிறார்கள். சட்டம் மாறும் வரை பொறுத்தவர், கொழும்பு கூப்பிடும் வரை பொறுத்தவர், ஒரு பின்னேரத்துக்குள் முடிவெடுத்துப் பெட்டி கட்டியிருக்கிறார். கிற்றாரையும் எடுத்துப் போயிருந்தார்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவர்" என்றார் காவற்காரர். "தான் திரும்பி வருவாராம். பொறுத்திருக்கட்டாம்."

நசீர் காறித் துப்பினான். தம்பி தன் கிற்றாரைத் தோளிலிருந்து கழற்றி, டாங்கியின் ஓட்டைக்குள்ளால் உள்ளே தள்ளினான். பலகை இரும்பில் இழுபட்ட சத்தம் உள்ளே போய்ப் போய் வந்தது. அது முழுதாக அடங்கும் முன்பே அவன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

அதன்பிறகு அவன் வாசிக்கவில்லை. கோயிலில் கேட்டார்கள், மாட்டேன் என்றான். மூட்டை எண்ணுகிற வேலை நிரந்தரமானது. பின்னேரங்களில் கொஞ்சம் குடித்தான், பிறகு கொஞ்சத்துக்கு மேல் குடித்தான். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் அவனும்தான். ஒருவரோடொருவர் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் எங்கே போய் முட்டும் என்று இருவருக்கும் தெரியும்.

அண்ணை வந்தது எண்பதுகள் தொடங்கிய பிறகு. ஒரு மத்தியானம் நான் தம்பிக்குக் குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். முன் வாசலில் ஒரு கைதட்டல் கேட்டது. ஒரேயொரு தட்டு. தம்பியின் கை சோற்றுப் பீங்கானிலேயே நின்றது. நான் அவனைப் பார்த்தேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

முன்னுக்குப் போனேன். தலை நரைத்து, உடம்பு வைத்து, நல்ல சட்டை போட்டிருந்தார். மெல்பேர்னில் இருக்கிறாராம். கப்பலிலிருந்து அங்கே இறங்கி, வேலை எடுத்து, ஒரு வெள்ளைக்காரியைக் கல்யாணம் முடித்து, ஒரு மகளும் இருக்கிறாளாம். "எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டார். "இருக்கிறன்" என்றேன். கேட்காமலே அந்தக் கதிரையில் போய் இருந்தார்.

"பெனடிக் எங்க?"

இந்த நேரத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் இருந்தேனோ என்று எனக்குத் தோன்றியது.

"பொறுங்கோ அண்ணை" என்றேன். "வருவான்."

அவருக்கு அது குத்தவில்லை. "ஓம், ஓம்" என்று காலை நீட்டிக்கொண்டார். பிறகு பையைத் திறந்து, சவர்க்காரக் கட்டியிலும் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது பெனடிக்குக் கொண்டு வந்தனான். அங்க இப்ப கடையில விக்குது. கிற்றாரை இதில பூட்டிப் போட்டுக் காலால அமத்தினால் போதும். எங்கட டாங்கிச் சத்தம் அப்பிடியே வரும்." பெட்டியைத் தடவினார். "அண்டைக்கு அந்த அறையில இது இருந்திருந்தால், பிள்ளை, எங்கட கதையே வேற."

அந்த அறையில் என் தம்பி இருந்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவனை நீங்கள்தான் கை தூக்கி நிறுத்தினீர்கள் என்று வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவர் தலையைச் சரித்து, உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் வந்தேன். அண்ணை கதிரைக் கையில் விரலால் தட்டத் தொடங்கினார். எங்கள் பழைய பாட்டு. ஒரு தட்டு, இடைவெளி. ஒரு தட்டு, இடைவெளி. தம்பி பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய வலது கை மேசை விளிம்பில் கிடந்தது. இரண்டாவது இடைவெளியில் அந்தக் கை தன்பாட்டில் அசைந்து, சத்தமில்லாமல், அந்த வெறும் இடத்தில் தட்டியது. மூன்றாவது இடைவெளியிலும் தட்டியது. துளியும் பிழைக்கவில்லை. அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். பிறகு அதை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்து அமத்திக்கொண்டான். பின் கதவைத் திறந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

அண்ணை விளக்கு வைக்கும் வரைக்கும் இருந்தார். ஒருமுறையும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நடுவில் ஒருக்கால், "வேலை கூடவோ அவனுக்கு?" என்று கேட்டார். ஓம், வேலை கூடத்தான் என்றேன். எழும்பிப் போகும்போது, "நான் வந்தனான் எண்டு அவனுக்குச் சொல்லு பிள்ளை" என்றார். ஓம் என்றேன்.

இருண்ட பிறகு தம்பி வந்தான். குடித்திருக்கவில்லை. மேசையில் இருந்த பெட்டியைக் கண்டு நின்றான். என்னவென்று கேட்டான். அண்ணை சொன்னதை அப்படியே சொன்னேன், டாங்கிச் சத்தம் இதற்குள் இருக்கிறதாம் என்று. அவன் அதைக் கையில் எடுத்தான். மேலும் கீழும் பிரட்டிப் பார்த்தான். உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தான்.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டான்.

எனக்கு அழுகை வந்தது. அவன் பெட்டியை மேசையில் திரும்ப வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

"சோத்தைப் போடு அக்கா, மத்தியானமும் தின்னேல்ல" என்றான்.